கண்டேன் என்போரும் காணவில்லை என்போரும்

அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஒரு சிற்றூரின் பூங்காவில் மாலைப் பொழுதில் நீங்கள் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நரை விழுந்த தலையும் நல்ல உடையும் கொண்ட ஒருவர் வருகிறார். ஒரு மரத்தடியில் நின்று காலணியின் கயிற்றை அவிழ்த்துக் கட்டுகிறார். மீண்டும் அவிழ்க்கிறார், மீண்டும் கட்டுகிறார். பிறகு கைபேசியைக் காதில் வைத்து எவருடனோ பேசுகிறார். ஆனால் அவருடைய கண்கள் மட்டும் மரத்தின் வேர்களுக்கிடையே எதையோ துழாவிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் அவரை நோக்கினால் அவர் வானத்தை நோக்குகிறார். நீங்கள் எழுந்து சென்றதுதான் தாமதம்; வேரிடுக்கில் கையை விட்டு ஒரு சிறு டப்பாவை எடுக்கிறார். அதனுள் சுருட்டி வைத்திருக்கும் தாளில் தம் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதுகிறார். டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கோட்டையைப் பிடித்த தளபதியைப் போல் நடந்து செல்கிறார்.

இவர் திருடரும் அல்லர், ஒற்றரும் அல்லர். ‘ஜியோகேச்சிங்’ என்னும் பொழுதுபோக்கில் ஈடுபட்டவர். ஒருவர் ஓரிடத்தில் ஒரு பெட்டியை மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை எல்லோரும் அறிய வெளியிடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியின் துணைகொண்டு அங்கே சென்று அதனைத் தேடுவார்கள். விளையாட்டு இவ்வளவே. கண்டுபிடித்தவருக்குப் பணமில்லை, பதக்கமில்லை, கைதட்ட ஆளுமில்லை. வீட்டில் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடியைத் தேடத் தெரியாதவர் காட்டில் டப்பாவைத் தேடுகிறாரா என்று உங்கள் வீட்டுப் பெண்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் இத்தகைய பெட்டிகள் 30 இலட்சத்துக்கும் அதிகமாக மறைத்து வைக்கப்பட்டுள்ளன. பனி மூடிய அண்டார்டிகாவும் இதற்கு விலக்கன்று.

இது தோன்றிய விதம் சுவையானது. பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞைகளைக் கொண்டு நாம் நிற்கும் இடத்தை அறிவதே ஜி.பி.எஸ். முறை. அது இராணுவத்திற்காக உருவானது. ஆகையால் பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தார்கள். அந்நாளில் கருவி காட்டும் இடத்திற்கும் உண்மையான இடத்திற்கும் நூறு மீட்டர் வரை வேறுபாடு இருக்கக்கூடும். 2000ஆம் ஆண்டு மே முதல் நாள் நள்ளிரவில், ஜனாதிபதி பில் கிளிண்டனின் ஆணைப்படி அந்தச் செயற்கைப் பிழை நீக்கப்பட்டது. உலகெங்குமுள்ள கருவிகள் ஒரே இரவில் கூர்மை பெற்றன.

மே 3ஆம் நாள், டேவ் உல்மர் என்னும் கணினி வல்லுநர் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரை அடுத்த பீவர்க்ரீக் என்னுமிடத்தில் ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்தார். புதிய துல்லியத்தைச் சோதித்துப் பார்ப்பதே அவர் நோக்கம். வாளிக்குள் சில நூல்கள், வீடியோ நாடாக்கள், ஒரு கவண், அவரைப் பயறு அடைத்த ஒரு தகர டின், ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில் ஆகியன இருந்தன. ‘எதையேனும் எடுத்துக்கொள்ளுங்கள், எதையேனும் வைத்துச் செல்லுங்கள்’ என்பதே அவர் விதித்த ஒரே நிபந்தனை. மூன்றே நாள்களில் இருவர் அதனைக் கண்டுவிட்டனர். அவர்களுள் முந்தியவர் அண்டை மாநிலமான வாஷிங்டனைச் சேர்ந்த மைக் டீக். அவ்வாண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் இதற்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கியபோது அறியப்பட்டிருந்த பெட்டிகள் 75 மட்டுமே.

இதற்கு ஒரு மூதாதையும் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் பொட்டல்வெளியில் வழிகாட்டியாக இருந்த ஜேம்ஸ் பெரட் என்பவர், 1854ஆம் ஆண்டில் க்ரான்மியர் குளத்தருகே ஒரு போத்தலை வைத்தார். சேற்றிலும் பனிமூட்டத்திலும் அத்தனை தொலைவு நடந்து வருவோர் தம் பெயர்ச் சீட்டை அதில் இட்டுச் செல்லும்படி செய்தார். பிற்காலத்தில் அத்தகைய பெட்டிகளில் நடையர்கள் தம் முகவரி எழுதிய அஞ்சலட்டையை வைத்து வருவதும், அடுத்து வருபவர் அதனை எடுத்துத் தபாலில் சேர்ப்பதும் வழக்கமாயிற்று. முன்பின் அறியாத ஒருவர் நம் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பார் என்று நம்பிப் போட்டார்கள், அவரும் சேர்த்தார். இந்த நம்பிக்கைதான் ஜியோகேச்சிங்கின் முதல்.

சிந்தித்துப் பாருங்கள். இவ்விளையாட்டில் நடுவர் கிடையாது. பெட்டிக்குப் பூட்டு கிடையாது, காவல் கிடையாது. எங்கே இருக்கிறது என்று உலகுக்கே அறிவித்துவிட்டு ஒரு பொருளைத் திறந்த வெளியில் விட்டுச் செல்கிறார் ஒருவர். அடுத்து வரும் அந்நியர் ஒவ்வொருவரும் அதனை அமானிதம் போல் பேணினால்தான் அது நிலைக்கும். ஒருவர் மூடியைச் சரியாக மூடாமல் போனால் அன்றிரவு மழையில் குறிப்பேடு கூழாகிவிடும். ஆகவே இவர்களிடையே நாளடைவில் ஓர் ஒழுங்குமுறை வளர்ந்தது. எடுத்த இடத்தில் எடுத்தபடியே வைக்க வேண்டும். இன்னும் நன்றாக மறைக்கிறேன் என்று இடம் மாற்றுவது பெருங்குற்றம். உள்ளேயிருக்கும் சிறு பொருளை எடுத்தால் அதற்கு ஈடானதை அல்லது அதனினும் மேலானதை வைக்க வேண்டும். குழந்தைகள் ஆவலோடு திறக்கும் பெட்டியில் ஒரு பொம்மைக் காரை எடுத்துக்கொண்டு கசங்கிய பேருந்துச் சீட்டைப் போட்டுச் செல்லும் பெரியவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களைப் பற்றி இவ்வட்டாரத்தில் சொல்லப்படும் கேலிகளுக்கு அளவில்லை.

பெட்டி வைப்போருக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. மண்ணைத் தோண்டிப் புதைக்கலாகாது. ஒரு பெட்டிக்கும் மற்றொன்றுக்கும் இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும். அதாவது மைலில் பத்திலொரு பங்கு. நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும். உணவுப் பண்டம், மதுபானம், கத்தி போன்றவை பெட்டிக்குள் இருக்கலாகாது. உணவை மோப்பம் பிடித்து வரும் அணிலும் கரடியும் மூடியைத் திறக்கும் முறை வேறு என்பதை நாம் அறிவோம். ஒவ்வொரு பெட்டியும் அறிவிக்கப்படுமுன், ஊதியம் பெறாத தன்னார்வலர் ஒருவர் விவரங்களைப் பார்த்து ஒப்புதல் அளிக்கிறார். மாமியாரைப் பற்றி மருமகள்கள் பேசிக்கொள்வதைப் போல, இந்தத் தன்னார்வலர்களைப் பற்றிப் பெட்டிக்காரர்கள் பேசிக்கொள்வதும் உண்டு.

பூங்காவில் கண்ட அந்த மனிதரின் நாடகத்திற்கு வருவோம். இவ்விளையாட்டை அறியாத பிறரை இவர்கள் ‘மகிள்’ என்கிறார்கள். ஹாரி பாட்டர் கதைகளில் மந்திரம் அறியாத சாதாரண மனிதரைக் குறிக்கும் சொல் அது. மந்திர தந்திரம் நமக்கு வேண்டா. சொல்லின் பொருள் மட்டும் போதும். மகிள்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் பெட்டியை எடுக்கலாகாது என்பது முக்கிய ஒழுக்கம். பார்த்துவிட்டால் பின்னர் விளையாட்டுப் பிள்ளைகள் அதனைத் தூக்கிச் சென்றுவிடக்கூடும். எனவேதான் காலணிக் கயிறும் கைபேசியும். அனுபவம் மிக்கவர்கள் சாலைப் பணியாளர் அணியும் ஒளிரும் மேற்சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு எழுத்தட்டையுடன் வருவார்கள். அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டே ஒருவர் சாக்கடை மூடியைத் தட்டிப் பார்த்தால் எவரும் எதுவும் கேட்பதில்லை. உலகம் முழுவதும் அதிகாரத்தின் தோற்றத்திற்குத்தான் எத்துணை மதிப்பு!

ஆனால் இந்த ஒளிவுமறைவு எல்லை மீறினால் விபரீதம் ஆகிறது. 2011ஆம் ஆண்டு ஜூலை மாதம், இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த வெதர்பி நகரின் ஒரு உணவகத்தின் அருகே எவரோ எதையோ மறைப்பதைக் கண்டவர்கள் அஞ்சிக் காவல்துறைக்குத் தெரிவித்தார்கள். தெரு மூடப்பட்டது. வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அப்பொருளை வெடிக்கச் செய்தார்கள். வெடித்துச் சிதறியது ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே கையொப்பத் தாள். ஐயத்துக்குரியவர் என்று ஒருவரை அவர் நிற்கும் விதத்தைக் கொண்டே முடிவு செய்யும் காலம் இது என்பதை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உள்ளிருப்பது தெரியும்படியான பெட்டியைப் பயன்படுத்துதல், இன்னதென்று வெளியே எழுதி ஒட்டுதல், கடைவீதிகளைத் தவிர்த்தல், எவரேனும் வினவினால் மழுப்பாமல் உண்மையைச் சொல்லுதல் ஆகிய அறிவுரைகள் வெறும் சம்பிரதாயம் அல்ல என்பது அன்று விளங்கியது.

இனி, போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிய பெட்டி ஒன்று அறிவிக்கப்பட்டவுடன் அதன் வெற்றுத் தாளில் முதல் பெயராகத் தம் பெயரை எழுத வேண்டும் என்னும் வேட்கை சிலரைப் பிடித்து ஆட்டுகிறது. நள்ளிரவில் கைபேசி ஒலித்தால் வீட்டார் யாருக்கு என்னவோ என்று பதறுகிறார்கள். இவரோ இரவு உடையுடனே காரை நோக்கி ஓடுகிறார். காட்டோரத்தில் காரை நிறுத்தினால், எதிரே மற்றொரு காரின் விளக்கு அணைகிறது. சென்ற வாரமும் அதற்கு முந்தைய வாரமும் முந்திக்கொண்ட அதே மனிதர்! இருவரும் முகமன் கூறிக்கொள்கிறார்கள். பிறகு கைவிளக்குகளுடன் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தவாறு தேடுகிறார்கள். ஒன்றாகத் தேடியவர்கள் முதல் இடத்தைப் பகிர்ந்துகொள்வது நாகரிகம். பெட்டி வைத்தவரின் நண்பர் முன்கூட்டியே இடத்தை அறிந்து சென்று முதல் பெயரை எழுதிவிடுவது அநாகரிகம். இத்தனைக்கும், இந்த முதலிடத்தை இணையத்தளத்தார் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை என்பதுதான் வேடிக்கை. முந்தியவர் முந்தினார் என்பதற்குத் தாளில் உள்ள மேல்வரி ஒன்றே சான்று.

முதலிடப் பைத்தியத்தினும் எண்ணிக்கைப் பைத்தியம் பெரிது. அமெரிக்காவின் நெவாடா மாநிலப் பாலைவனத்தில் 375ஆம் எண் நெடுஞ்சாலையோரம் 161 மீட்டருக்கு ஒன்றாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட டப்பாக்களை வரிசையாக வைத்தார்கள். ஒருவர் காரோட்ட, ஒருவர் குதித்து இறங்கி எடுக்க, மற்றொருவர் பெயர் முத்திரையைக் குத்த, ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் ‘கண்டேன்’ என்று கணக்கெழுதினார்கள். நேரத்தை மிச்சப்படுத்த ஓரிடத்து டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கே முந்தைய இடத்து டப்பாவைப் போட்டுச் செல்லும் உத்தியும் பிறந்தது. 2011ஆம் ஆண்டில் அம்மாநில நெடுஞ்சாலைத் துறையினர், ஓயாமல் நின்று நின்று செல்லும் கார்களால் விபத்து நேரும் என்று அவற்றை அகற்றச் சொன்னார்கள். பாலைவனத்தின் அமைதியையும் வானத்தையும் காணச் செல்ல வேண்டிய இடத்தில் டப்பாவை மட்டுமே கண்டு திரும்புவதில் என்ன இன்பமோ, எனக்கு விளங்கவில்லை.

எண்ணிக்கை வெறி பொய்க்கும் வழி வகுக்கிறது. ஒருவர் ஒரு மணி நேரம் தேடுகிறார், கிடைக்கவில்லை. வெறுங்கையுடன் திரும்ப மனமில்லை. தம் பையிலிருந்து ஒரு பழைய பிலிம் டப்பாவை எடுத்து, அதில் தாளை வைத்துப் பெயரெழுதி, அங்கேயே போட்டுவிட்டு, ‘பெட்டி காணாமற்போயிருந்தது, புதிது வைத்தேன், கண்டேன்’ என்று அறிவித்துவிடுகிறார். உதவி செய்தவர் போன்ற தோற்றம்! உண்மையில் பழைய பெட்டி அவர் கைவைக்காத அடுத்த கிளையில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இப்போது அவ்விடத்தில் இரண்டு பெட்டிகள். பின்னால் வருபவர் எதைக் கண்டார், எதைக் காணவில்லை என்று உரியவருக்கே புரியாமல் போகும். நேரில் செல்லாமலே கண்டதாக அறிவிப்போரும் உண்டு. ஆகவேதான் பெட்டிக்காரர் தாளிலுள்ள பெயர்களையும் இணையத்தில் உள்ள அறிவிப்புகளையும் ஒப்பிட்டு, பொய்யானதை நீக்க வேண்டும் என்பது அவருக்குரிய கடமைகளுள் ஒன்றாயிற்று.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் உண்டு. வாசகர்களே, இக்கட்டுரையை நான் எழுத முற்பட்டதே அதன் பொருட்டுத்தான். தேடியும் கிடைக்காவிட்டால், ‘தேடினேன், காணவில்லை’ என்று எல்லோரும் படிக்கும்படி அறிவிக்க வேண்டும் என்பதே அது. எழுதாமல் இருந்துவிட்டால் எவருக்கும் தெரியப்போவதில்லை. ஐந்தாயிரம் பெட்டிகளைக் கண்டவர் ஒரு சிறுவன் கண்டெடுத்த எளிய பெட்டியைக் காணாமல் திரும்பியிருக்கலாம். எழுதினால் நண்பர்கள் நகைப்பார்கள். ஆயினும் அவர் எழுத வேண்டும். ஏனெனில் அந்த ஒரு வரியில் பிறருக்குப் பயன் இருக்கிறது. தொடர்ந்து மூவர், நால்வர் காணவில்லை என்று எழுதினால் உரியவர் சென்று பார்ப்பார். பெட்டி உண்மையிலேயே களவு போயிருந்தால் புதிது வைப்பார். நால்வரும் மானத்துக்கு அஞ்சி வாய்மூடி இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் காரோட்டி வரும் ஒரு குடும்பம் இல்லாத பெட்டியைத் தேடி வெயிலில் வாடும்.

தம் தோல்வியை இவ்வாறு அறிவிக்கும்போது இவர்கள் கையாளும் நகைச்சுவையும் இதமானது. முட்புதரில் கையைக் கிழித்துக்கொண்டது, சிலந்திக்கு அஞ்சிப் பின்வாங்கியது, மகன் சுட்டிக்காட்டிய இடத்தை இகழ்ந்துவிட்டு வீடு வந்தபின் அதுவே சரியான இடம் என்று அறிந்தது என்று தம்மையே நகையாடி எழுதுவார்கள். மறைத்தவரைக் குறைகூறுவது அரிது. அவ்வாறே, கண்டவரும் ஒற்றை வரியில் ‘நன்றி’ என்று முடித்துவிடாமல் தம் அனுபவத்தை எழுதுவது மரியாதை. ஒரு கணவனும் மனைவியும் பல வார மாலைகளைச் செலவிட்டு மரக்கட்டையைக் குடைந்து, வண்ணம் பூசி, காட்டுக்குள் சுமந்து சென்று வைத்த பெட்டிக்கு ஆங்கிலத்தில் நான்கே எழுத்துகளாலான ஒரு சுருக்கச் சொல் மட்டும் பதிலாக வந்தால் அவர்கள் மனம் சுருங்காதா? விருந்துண்டு கைகழுவிய விருந்தினர் ஒரு சொல்லும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டால் நமக்கு எவ்வாறிருக்கும்!

மறைப்போரின் குறும்பும் கொஞ்சமன்று. பாலத்தின் ஆயிரம் திருகாணிகளுள் ஒன்று போலி. அதன் அடியில் காந்தம், உள்ளே தாள். தேவதாரு மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் கூம்புக் காய்களுள் ஒன்று குடையப்பட்டது. விரல்நுனியளவே உள்ள டப்பாக்களில் தாளை எடுப்பது எளிது; மீண்டும் சுருட்டி உள்ளே செலுத்துவதற்குள் நகம் தேய்ந்துவிடும். துப்புக் குறிப்பையும் நேராக எழுதுவதில்லை. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளி மாற்றி எழுதுவார்கள். உதவி வேண்டுவோர் எழுத்து எழுத்தாக மாற்றிப் படித்துக்கொள்ளலாம். வேண்டாதவரின் கண்ணில் தற்செயலாகப்பட்டு இன்பம் கெடாது. சிரமப்பட்டு மாற்றிப் படித்தால், ‘கவனமாகத் தேடுக’ என்று மட்டும் எழுதியிருப்பதும் உண்டு!

எண் பொறித்த உலோகப் பட்டையுடன் பெட்டிக்குப் பெட்டி பயணம் செய்யும் பொருள்களும் உள்ளன. அவற்றை எடுப்பவர் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் விரைவில் வேறொரு பெட்டியில் சேர்க்க வேண்டும். ரிச்சர்ட் கேரியட் என்பவர் 2008ஆம் ஆண்டில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்குச் சென்றபோது அங்கும் ஒரு பெட்டியை ஏற்படுத்திவிட்டார். நள்ளிரவில் இரவு உடையுடன் ஓடுவோருக்கு எட்டாத பெட்டி அது ஒன்றே எனலாம். 2021ஆம் ஆண்டில் செவ்வாயில் இறங்கிய பெர்செவரன்ஸ் ஊர்தியிலும் இத்தகைய எண்ணொன்று பொறிக்கப்பட்டிருக்கிறது.

விளையாட்டு எவ்வளவு தொலைவு சென்றாலும், நிற்க வேண்டிய இடங்கள் உண்டு. அடக்கத்தலங்களில் பெட்டி வைப்பதும் தேடுவதும் இறந்தோரின் உறவினர்களைப் புண்படுத்தும் என்று தென் கரோலினா மாநிலத்தில் 2005ஆம் ஆண்டு ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. சட்டமன்றத்தின் கீழவை அதனை ஏற்றது. எனினும் அது சட்டமாகவில்லை. சட்டம் இல்லாவிடினும் நல்லடக்கம் நிகழும் வேளையில் அருகில் செல்லாதிருத்தலே பண்பாகும். செக் நாட்டின் பிராக் நகரில் நிகழ்ந்தது இதனினும் துயரமானது. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு பெட்டியைத் தேடி நால்வர் நிலத்தடிக் கால்வாயில் இறங்கியிருந்தபோது மேலே கனமழை பொழிந்தது. வெள்ளம் அவர்களை அடித்துச் சென்றது. இருவர் உயிர் பிழைக்கவில்லை. ‘காணவில்லை’ என்று எழுதக் கூசாதவர், ‘தேடவே இறங்கவில்லை’ என்று எழுதவும் கூசலாகாது.

உல்மரின் அந்த முதல் வாளி இப்போது இல்லை. 2003ஆம் ஆண்டில் அவ்விடத்தில் நினைவுப் பலகை ஒன்றைப் பதித்தார்கள். இன்றைய விதிகளைக் கொண்டு பார்த்தால் அவ்வாளிக்கு ஒப்புதலே கிடைத்திராது. அது பாதி மண்ணில் புதைக்கப்பட்டிருந்தது. உள்ளே உணவும் இருந்தது. வாளியிலிருந்த மற்றவை எங்கெங்கோ போய்விட்டன. அவரைப் பயறு டின் மட்டும் பிற்காலத்தில் துருவேறிய நிலையில் அவ்விடத்திலேயே கிடைத்தது. அதற்கும் ஓர் எண் தந்து, அன்பர்கள் கூடும் இடங்களுக்கெல்லாம் எடுத்துச் சென்று காட்டி வருகிறார்கள்.